இழுக்கும் டீசல் பிக்கப்பின் ஆயுளும் அதன் வெப்பக் கணக்கும்

டிரெய்லர் இழுப்பதற்காக டீசல் பிக்கப் வாங்குபவர் முதலில் கேட்பது, அது எத்தனை டன் இழுக்கும் என்பதைத்தான். விளம்பரங்களும் அந்த எண்ணைத்தான் பெரிதாகப் போடுகின்றன. ஆனால் அதே வண்டியைப் பதினைந்து ஆண்டுகள், மூன்று லட்சம் கிலோமீட்டர் என்று வைத்து ஓட்டியவரிடம் பேசிப் பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயிலின் நிறம், டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீர், நீண்ட இறக்கத்துக்குப் பிறகு சக்கரத்திலிருந்து வந்த கருகல் வாடை என்றுதான் அவர் பேச்சு போகும். இழுக்கும் வலிமை இன்றைய பிக்கப்புகளில் பெரும்பாலோரின் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அந்த வலிமையோடு சேர்ந்து பிறக்கும் வெப்பம் எந்த வழியாக வெளியேறுகிறது, எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பதுதான் வண்டி நீடிக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது என்பது என் உறுதியான கருத்து.

வலிமை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை ஒரே வரிசையில் வந்த இரண்டு வண்டிகளை வைத்துப் பார்க்கலாம். 1989 இல் அமெரிக்காவின் டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்த, கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் டீசல் இன்ஜின் 160 குதிரைத்திறனும் 400 பவுண்டு-அடி, அதாவது சுமார் 540 நியூட்டன் மீட்டர், முறுக்குவிசையும் தந்தது. அந்த நாளில் அதுவே பெரிய பேச்சு. சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 2019 இல், ராம் பிக்கப்பின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் 400 குதிரைத்திறனையும் 1,000 பவுண்டு-அடி முறுக்குவிசையையும் எட்டியது. சிலிண்டர்கள் அதே ஆறுதான். கொள்ளளவு ஒரு லிட்டர்கூடக் கூடவில்லை. ஆனால் முறுக்குவிசை இரண்டரை மடங்கு. கூடுதல் டீசலை, கூடுதல் காற்றோடு, அதிக அழுத்தத்தில் எரித்துத்தான் இந்த வளர்ச்சி வந்தது. கூடுதலாக எரிவதெல்லாம் கூடுதல் வெப்பத்தையும் தந்தே தீரும்.

எவ்வளவு வெப்பம் என்பதை ஒரு சாதாரணக் கணக்கு காட்டும். பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து 9,000 கிலோ எடை, சாலை 6 சதவீத ஏற்றம், வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் 130 கிலோவாட் வேண்டும்; டயர்களின் உருளல் எதிர்ப்பும், உயரமான டிரெய்லரின் முகப்பில் மோதும் காற்றின் எதிர்ப்பும் சேர்ந்தால் சக்கரத்தில் 200 கிலோவாட்டுக்கு மேல் தேவைப்படும். நல்ல டீசல் இன்ஜினாலும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத்தான் வேலையாக மாற்ற முடியும். ஆகவே அந்த ஏற்றத்தில் வண்டி நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர் டீசலைக் குடிக்கிறது. அதன் ஆற்றலில் பாதிக்கு மேல் எக்ஸாஸ்ட் வழியாகவும், ரேடியேட்டர் வழியாகவும், எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாகவும் வெறும் வெப்பமாக வெளியேறியாக வேண்டும். அதே பிக்கப் டிரெய்லர் இல்லாமல் சமதளத்தில் அதே வேகத்தில் போவதற்கு இதில் பத்தில் ஒரு பங்கு அளவு ஆற்றலே போதும். வெறும் வண்டியாக ஓடும்போது தெரியாத குறைகள் எல்லாம், பாதி அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் கிளட்ச், இன்டர்கூலர் குழாயில் விழுந்த மெல்லிய கீறல் எல்லாம், முதல் நீண்ட ஏற்றத்தில் வெளிப்படுவதற்குக் காரணம் இதுதான்.

உற்பத்தியாளர்கள் நெடுங்காலம் இழுவைத் திறனைத் தங்களுக்குத் தோன்றிய முறையில்தான் அறிவித்து வந்தார்கள். அமெரிக்க வாகனப் பொறியாளர் கழகமான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 என்ற தரநிலை அதற்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. அதன் ஏற்றச் சோதனை அரிசோனாவின் டேவிஸ் அணைச் சாலையை அடிப்படையாகக் கொண்டது. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஏற்றத்தை, 38 டிகிரி செல்சியஸ் வெயிலில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, முழுச் சுமையோடு, பின் அச்சில் பக்கத்துக்கு ஒரே சக்கரம் கொண்ட பிக்கப் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஏறி முடிக்க வேண்டும். இப்படிப் பார்க்கையில் அதுவும் அடிப்படையில் ஒரு வெப்பச் சோதனைதான். ஆனால் அந்தச் சோதனையில் ஏறுவது புது வண்டி. பத்தாண்டு பழைய ரேடியேட்டரோடும், மண் அப்பிய கண்டென்சரோடும் அதே எண்ணை நம்பி ஏறுவது சரியல்ல. வயதான வண்டிக்கு அறிவித்த திறனில் முக்கால் பங்கை எல்லையாகக் கொள்வது நல்லது என்றுதான் சொல்வேன்.

இன்ஜினைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு கியர்பாக்ஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இழுவை வண்டியில் முதலில் களைப்பது பெரும்பாலும் அதுதான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இன்ஜினையும் கியர்களையும் இணைப்பது டார்க் கன்வர்ட்டர். எதிரெதிரே இரண்டு விசிறிகள், இடையே ஆயில். ஒரு விசிறி தள்ளும் ஆயில் மற்றொன்றைச் சுழற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழலாத ஒவ்வொரு நொடியும் அந்த வேக வித்தியாசம் ஆயிலில் வெப்பமாக இறங்குகிறது. ஓரளவு வேகம் வந்ததும் உள்ளேயிருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும். அதன் பிறகு வழுக்கல் இல்லை, ஆயில் குளிரத் தொடங்கும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக இழுத்தாலும் ஆயில் அளவான சூட்டில் நிற்பதும், அதே வண்டி சரிவான மண்பாதையில் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளும்போது பத்தே நிமிடத்தில் ஆயில் சூட்டைக் காட்டும் முள் ஏறுவதும் இதனால்தான். ரிவர்ஸில் லாக்-அப் கிடையாது. வண்டி ஊர்கிறது, முன்னாலிருந்து காற்றும் வருவதில்லை. படகை நீரிலிருந்து மேலே இழுக்கும் சாய்தளத்திலும், நெரிசலில் ஊரும் ஏற்றத்திலும் கியர்பாக்ஸ் படும் பாடு ஒரு முழுநாள் நெடும்பயணத்தில்கூடப் படுவதில்லை.

ஆயில் 80 டிகிரிக்கு மேல் போகும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகிறது என்பது மெக்கானிக்குகளிடையே நெடுநாளாக வழங்கும் தோராயக் கணக்கு. இன்றைய செயற்கை ஆயில்கள் அதைவிடக் கூடுதலாகவே தாங்கும் என்றாலும், 120 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் நின்றால் எந்த ஆயிலும் வால்வுகளில் அரக்குப் பூச்சுபோல் படியத் தொடங்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். நல்ல ஆயில் சிவந்து, கண்ணாடிபோல் ஊடே தெரியும். பழுப்பேறி, வறுத்த கடலை கருகிய வாடை வந்தால் கிளட்ச் தகடுகள் தேயத் தொடங்கிவிட்டன என்று பொருள். ‘ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம்’ என்று சொல்லி விற்ற ஆயிலையும் இழுவை வண்டியில் மாற்றத்தான் வேண்டும். எந்த ஆயுளை உற்பத்தியாளர்கள் குறிக்கிறார்கள் என்பதைக் கேட்டுப் பார்த்தால், வாரண்டிக் காலத்தைத் தாண்டி அது பெரும்பாலும் போவதில்லை.

ஏற்றத்தில் பிறக்கும் வெப்பத்தைக் கவனிப்பவர்கள்கூட இறக்கத்தில் பிறக்கும் வெப்பத்தை மறந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன 9,000 கிலோ வண்டி 6 சதவீத இறக்கத்தில் 6 கிலோமீட்டர் இறங்கினால், 360 மீட்டர் உயரத்தில் சேமித்து வைத்த ஆற்றலையெல்லாம் எங்காவது கொட்டியாக வேண்டும். அது ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமான ஆற்றல். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜின் எடுக்காவிட்டால் பிரேக் டிஸ்குகள்தான் எடுக்க வேண்டும். டீசல் இன்ஜினில் காற்றை மறிக்கும் த்ராட்டில் தகட்டுக்கு வேலை இல்லாததால், காலை எடுத்தவுடன் பெட்ரோல் வண்டிபோல் அது தானாகப் பிடித்து நிறுத்தாது. அதனால்தான் எக்ஸாஸ்ட் பிரேக் வந்தது. புதிய வண்டிகளில் டர்போவின் நகரும் இதழ்களே மூடிக்கொண்டு எக்ஸாஸ்டை மறித்து இந்த வேலையைச் செய்கின்றன. எக்ஸாஸ்ட் பிரேக்கையும் கீழ் கியரையும் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும். வேகம் ஏறிய பிறகு பிடிப்பது பாதிப் பயன்தான். இன்னொன்று பலரும் கவனிக்காதது: பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட்-3 வகை ஆயில் 205 டிகிரியில் கொதிக்கும். ஈரமேறியதற்கு அந்தத் தரநிலை கோருவது 140 டிகிரிதான். கொதித்தால் ஆவிக் குமிழி. குமிழி வந்தால் பிரேக் மிதி தரை வரைக்கும் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஆயிலை மாற்றுவது, வண்டியைக் காட்டிலும் வண்டிக்குள் இருப்பவர்களின் உயிருக்கான வேலை.

டர்போவுக்கு நெடிய விளக்கம் தேவையில்லை. எக்ஸாஸ்ட் வாயு டர்போவுக்குள் நுழையுமிடத்தில் நெடுநேரம் 700 டிகிரிக்கு மேல் நிற்கக்கூடாது என்பது அலுமினிய பிஸ்டன் கொண்ட இன்ஜின்களில் பழைய விதி. ஏற்றம் முடிந்தவுடனே ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பாமல் இரண்டு மூன்று நிமிடம் ஐட்லில் ஓடவிட்டால், பேரிங்கில் நிற்கும் ஆயில் கருகாது. இதற்கு மேல் டர்போ ஓட்டுநரிடம் அதிகம் கேட்பதில்லை.

புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பற்றித்தான் அதிகத் தவறான எண்ணங்கள் உலவுகின்றன. அமெரிக்காவில் 2007 ஆம் ஆண்டின் விதிகள் கரித்துகள் வடிகட்டியையும், 2010 ஆம் ஆண்டின் விதிகள் பெரும்பாலான வண்டிகளில் எக்ஸாஸ்டிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் யூரியாக் கரைசலையும் கொண்டுவந்தன. அதற்கு முந்தைய வண்டிகளைத் தேடி அலைபவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அவர்களின் கவலை புரிகிறது. ஆனால் காரணம் பாதிதான் சரி. வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க வெப்பம் வேண்டும். சுமையோடு ஓடும் வண்டியில் எக்ஸாஸ்ட் தானாகவே அந்தச் சூட்டை எட்டி, கரி சேரச்சேர எரிந்துகொண்டே போகும். தினமும் ஐந்து கிலோமீட்டர் போய் நிற்கும் வண்டியிலோ, மணிக்கணக்காக ஐட்லில் நிற்கும் வண்டியிலோ அந்தச் சூடு வருவதே இல்லை. அப்போது கணினி கூடுதல் டீசலைத் தெளித்து வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்குகிறது. பல வண்டிகளில் அந்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்கிறது. பாதியில் வண்டியை நிறுத்தினால் வேலை முடியாமல் நிற்கும், அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து. ஆகவே உண்மையில் இழுக்கும் வண்டிக்கு இந்த அமைப்பு பெரிய பாரமல்ல. இழுக்காமல் நிற்கும் வண்டிக்குத்தான் அது நோய். ஆண்டுக்கு நான்கு முறை மட்டும் டிரெய்லர் இழுத்து, மற்ற நாளெல்லாம் அருகிலுள்ள கடைக்குப் போய்வருபவருக்குப் பெட்ரோல் பிக்கப்பே நெடுநாள் நீடிக்கும். இதை விற்பனையாளர் சொல்லமாட்டார். அதனால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

கரி எரியும், சாம்பல் எரியாது. இன்ஜின் ஆயிலில் கலந்த உலோகச் சேர்மங்கள் விட்டுச்செல்லும் சாம்பல் வடிகட்டியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஒருநாள் கழற்றிச் சுத்தம் செய்ய வைக்கும். சாம்பல் குறைந்த ரக ஆயிலைக் கையேடு வலியுறுத்துவது அதனால்தான். இந்த அமைப்புகளையெல்லாம் அறுத்தெறிந்துவிட்டு ஓட்டும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் உட்படப் பல நாட்டுச் சட்டங்களுக்கு அது எதிரானது என்பது ஒருபுறம். பின்னால் வருபவர் சுவாசிப்பதும் அந்தப் புகையைத்தான் என்பது மறுபுறம்.

டீசலின் தரத்தைப் பொறுத்தவரை, நவீன இன்ஜின்கள் தங்கள் எரிபொருளையே உயவாகவும், அதாவது உராய்வைக் குறைக்கும் வழவழப்புப் பொருளாகவும், பயன்படுத்துகின்றன என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 2,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தை உருவாக்கும் பம்புக்குள் ஆயில் கிடையாது. அதன் வழியாகப் போகும் டீசல்தான் அதற்கு உயவு. 2006 இல் அமெரிக்க நெடுஞ்சாலை டீசலின் கந்தக அளவு 500 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 500 பங்கு) 15 ஆகக் குறைந்தபோது, கந்தகத்தை நீக்கும் முறையே இயல்பான வழவழப்பையும் சேர்த்துக் குறைத்தது. சேர்மங்கள் கலந்து அதை ஈடுசெய்தார்கள். ஐரோப்பியத் தரநிலை உயவுச் சோதனையில் 460 மைக்ரான் வரையிலான தேய்மானத்தை அனுமதிக்கிறது. அமெரிக்கத் தரநிலை 520 மைக்ரான் வரை அனுமதிக்கிறது. பாஷ் நிறுவனத்தின் சிபி4 வகை உயர் அழுத்த டீசல் பம்பு அமெரிக்கப் பிக்கப்புகளில் படும் அவதிக்கு இந்த இடைவெளியும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பம்பின் உருளை கோணம் மாறித் தேய்ந்தால் உலோகத் துகள்கள், டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் முதல் டேங்க் வரை பரவிவிடும். பம்பை மட்டும் மாற்றித் தப்ப முடியாது, எரிபொருள் அமைப்பு முழுவதையுமே மாற்ற வேண்டியிருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 2017 மாடலில் வேறு பம்புக்கு மாறியது. 2019, 2020 மாடல்களில் சிபி4 பம்பைப் பயன்படுத்திய ராம் பிக்கப்புகள் 2021 இல் திரும்ப அழைக்கப்பட்டு, பழைய சிபி3 வகைக்கே மாற்றப்பட்டன. வண்டி எதுவானாலும், ஃபில்டரின் அடியில் இருக்கும் தண்ணீரை மாதம் ஒருமுறை கண்ணாடிப் புட்டியில் வடித்துப் பார்க்கும் பழக்கம் இன்ஜெக்டர்களுக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி. டீசலுக்கு அடியில் தண்ணீர் தெளிவான ஒரு கோடாகப் பிரிந்து நிற்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.

பழைய வண்டிகள் சிக்கலற்றவை என்பதும் முழு உண்மையல்ல. 1998 வரை வந்த 12 வால்வு கம்மின்ஸ் இன்ஜின்களில், முன்புற கியர் உறையை நேராக உட்கார வைக்கும் சிறு எஃகு முளை ஒன்று, விரல் நுனியில் நிற்கும் அளவு, அதிர்வில் தளர்ந்து கியர்களுக்குள் விழுந்து இன்ஜினையே உடைத்த கதைகள் உண்டு. ஒரு சிறு தகட்டை வைத்து அதைத் தடுத்துவிடலாம். ஃபோர்டின் பழைய 6.9, 7.3 லிட்டர் டீசல்களில், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட்டில் சேர்க்க வேண்டிய காப்புச் சேர்மத்தைச் சேர்க்காமல் விட்டால், சிலிண்டர் சுவரின் அதிர்வில் தோன்றிச் சிதறும் நுண்குமிழிகள் இரும்பைப் பொத்தல் பொத்தலாக அரித்து, ஒருநாள் கூலண்ட் சிலிண்டருக்குள் வந்துவிடும். 1994 இல் வந்த ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இன்ஜெக்டர்களை இயக்குவதே உயர் அழுத்தத்தில் செல்லும் இன்ஜின் ஆயில்தான். ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் அங்கே இன்ஜெக்டரே திணறும். எந்தத் தலைமுறை இன்ஜினுக்கும் அதற்கே உரிய ஒரு பலவீனம் உண்டு. வாங்குபவர் அதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது, பெயரைப் பார்த்து நம்புவதைக் காட்டிலும் பெரிது.

ஆயிலை மாற்றும்போது ஒரு சிறு புட்டியில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதைப் பலர் வீண் செலவாக நினைக்கிறார்கள். இரும்பு ஏறினால் சிலிண்டரோ கியரோ தேய்கிறது, சிலிக்கான் ஏறினால் காற்று ஃபில்டர் மண்ணை விடுகிறது, சோடியமோ பொட்டாசியமோ தெரிந்தால் கூலண்ட் கசிகிறது, டீசல் கலந்திருந்தால் இன்ஜெக்டரோ வடிகட்டி எரிப்போ காரணம் என்று அந்த அறிக்கை சொல்லும். ஒரு அறிக்கை பெரிதாக ஒன்றும் சொல்லாது. ஐந்து அறிக்கைகளை அடுக்கிவைத்துப் பார்த்தால் வண்டியின் உடல்நிலை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும்.

இனி எடை. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பின் கொக்கியின் மேல் இறங்கும்; பிக்கப்பின் சரக்குத் தட்டில் உட்காரும் ‘ஐந்தாம் சக்கரம்’ என்ற வகை இணைப்பில் அது 20 சதவீதத்துக்கு மேலும் போகும். 4,500 கிலோ டிரெய்லரின் 12 சதவீதம் 540 கிலோ. அதோடு நான்கு பேர், கருவிகள், இணைப்பின் எடை எல்லாம் சேர்ந்தால், கதவோரத்தில் ஒட்டியிருக்கும், வண்டி தன்மேல் தாங்கக்கூடிய சுமை எல்லை இழுவை எல்லைக்கு முன்பே முடிந்துவிடும். டீசல் இன்ஜினே கனமானது என்பதால் அந்தச் சுமை எல்லை பெட்ரோல் வண்டியைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. முன் அச்சின் மேல் எப்போதும் உட்கார்ந்திருக்கும் இந்தக் கனம் பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் இணைப்புகள், சக்கர பேரிங்குகள் ஆகியவற்றை மெல்ல மெல்லத் தின்கிறது. ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடும் இன்ஜினைச் சுற்றியிருக்கும் இந்த உறுப்புகளை அதற்குள் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்வது ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

பழைய வண்டி வாங்குகிறவர் ஓடிய தூரத்தை மட்டும் பார்க்கக்கூடாது. பெரும்பாலான டீசல் பிக்கப்புகளில் இன்ஜின் ஓடிய மணிநேரத்தையும் திரையில் பார்க்கலாம். 2,00,000 கிலோமீட்டரை 4,000 மணியில் ஓடியிருந்தால் சராசரி 50 கிலோமீட்டர் வேகம், நெடுஞ்சாலை வண்டி. அதே தூரத்துக்கு 9,000 மணி காட்டினால் பாதி வாழ்நாளை அது ஐட்லில் நின்றே கழித்திருக்கிறது. அதன் வடிகட்டியும், எக்ஸாஸ்டில் ஒரு பங்கைக் குளிர்வித்து இன்ஜினுக்கே திருப்பியனுப்பும் குளிர்விப்பானும் கரியில் ஊறியிருக்கும். பின் கொக்கிக் குழாயின் உட்புறம் பளபளவென்று தேய்ந்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆயில் மாற்றிய தேதிகள் அதன் பக்கத்தில் ஒழுங்காக இருந்தால் அது உழைத்த, நன்றாகக் கவனிக்கப்பட்ட வண்டி. முதலில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். சூடாக்கி வைத்துக் காட்டும் வண்டியைவிட்டு விலகிவிடலாம். சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக வாயின் மேல் வையுங்கள்: மூடி லேசாக ஆடினால் சரி, தூக்கி எறியப்பட்டால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். விற்பவர் சம்மதித்தால் ஒரு டிரெய்லரை மாட்டி, நீளமான ஏற்றம் ஒன்றில் இருபது நிமிடம் ஏற்றுங்கள். கூலண்ட் முள்ளும் கியர்பாக்ஸ் முள்ளும் எந்த இடத்தில் நிற்கின்றன, உச்சியை அடைந்த பிறகு எத்தனை நிமிடத்தில் பழைய இடத்துக்கு இறங்குகின்றன என்பதைக் குறித்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.